ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

திருவாரூரில் மனுநீதிச் சோழன் ஆராய்ச்சி மணி கட்டி வைத்த கதையை அறியாத தமிழ்க் குழந்தை இராது. கன்றை இழந்த பசு வந்து கயிற்றை இழுத்தது, மணி ஒலித்தது, அரசன் ஓடி வந்தான், நியாயம் கிடைத்தது. அந்தப் பசுவுக்கு வக்கீல் தேவைப்படவில்லை. மனு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கோர்ட்டுக் கட்டணம், ஸ்டாம்பு, வாய்தா ஒன்றும் கிடையாது. ஆனால் அதே தமிழ் நாட்டில்தான் நம் பாட்டிமார்கள் இன்னொரு பழமொழியையும் சொல்லி வைத்தார்கள்: "ஏழை சொல் அம்பலம் ஏறாது!" மணியின் கதை நடக்க வேண்டியதைச் சொல்கிறது. பழமொழி நடப்பதைச் சொல்கிறது.

இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் எல்லாத் தேசங்களிலும் உண்டு. செல்வத்திலே குபேரபுரி என்று பெயர் வாங்கிய அமெரிக்காவிலும் உண்டு. அதைத் தூர்ப்பதற்கென்று அந்நாட்டில் ஊருக்கு ஊர் சட்ட உதவிச் சங்கங்கள் ஏற்பட்டிருக்கின்றன. அவை லாபம் கருதாத தர்ம ஸ்தாபனங்கள். அங்கே வேலை பார்க்கும் வக்கீல்கள் ஏழைக் கட்சிக்காரரிடம் காலணாவும் பெறாமல் வழக்கு நடத்துகிறார்கள். கோர்ட்டிலே எழுந்து நின்று வாதாடுகிறவர்களாதலால் அவர்களை நாலு பேருக்குத் தெரியும். ஆனால் அந்த வக்கீல்களுக்குப் பின்னால், ஊதியமும் இன்றிப் புகழும் இன்றி, அலுவல் முடிந்த மாலை வேளையில் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து அந்தச் சங்கத்தை நடத்துகிற நிர்வாக சபை அங்கத்தினர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் செய்வது என்ன, செய்யாமல் விடுவது என்ன என்பதைச் சற்று விசாரிப்போம்.

வக்கீல் யாருக்கு உண்டு?

அமெரிக்காவில் ஒருவர் மீது பெருங் குற்றம் சாட்டப்பட்டு, வக்கீல் வைக்க அவரிடம் பணம் இல்லாவிட்டால் சர்க்காரே வக்கீல் அமர்த்திக் கொடுக்க வேண்டும். புளோரிடா சிறையிலிருந்து கிடியன் என்ற ஏழைக் கைதி பென்ஸிலால் எழுதி அனுப்பிய மனுவின் பேரில் 1963-ல் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பு அது. மிகவும் மெச்சத் தக்க தீர்ப்புத்தான். ஆனால் அந்த உரிமை கிரிமினல் வழக்கோடு நின்று விட்டது.

வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால்? கணவன் அடித்துத் துன்புறுத்துகிறான் என்று பாதுகாப்புக் கேட்க வேண்டுமானால்? செய்த வேலைக்கு முதலாளி கூலி கொடுக்க மறுத்தால்? இவையெல்லாம் சிவில் விவகாரங்கள். இவற்றிலே ஏழைக்கு வக்கீல் கிடைக்கும் என்ற பொதுவான உரிமை அந்நாட்டில் இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகளில் ஏழைக் குடித்தனக்காரருக்கு வக்கீல் தர வேண்டும் என்று நியூயார்க் நகரம் சட்டம் செய்ததே 2017-ல்தான். வேறு சில நகரங்கள் அதைப் பின்பற்றியிருக்கின்றன. மற்ற இடங்களிலெல்லாம் ஏழையின் கதி சட்ட உதவிச் சங்கத்தின் கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அந்தக் கதவுக்குப் பொறுப்பாளிகள்தான் நிர்வாக சபையார்.

பெண்கள் தொடங்கிய காரியம்

இந்த முயற்சியின் ஆரம்பத்தைத் தேடிப் போனால் அங்கே பெண்கள் நிற்கிறார்கள். 1863-ல், உள்நாட்டு யுத்தம் நடந்து கொண்டிருந்தபோது, நியூயார்க்கில் உழைக்கும் பெண்களின் பாதுகாப்புக்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. தைத்துக் கொடுத்த துணிக்குக் கூலி தராமல் ஏமாற்றிய முதலாளிகளிடமிருந்து தையற்காரிகளுக்குப் பணம் வசூலித்துக் கொடுப்பது அதன் முக்கியமான வேலை. 1886-ல் சிகாகோவில் மாதர் கழகங்களைச் சேர்ந்த பெண்கள் கூடிப் பெண்களையும் குழந்தைகளையும் காக்கும் ஸ்தாபனம் ஒன்றை நிறுவினார்கள். அதை நடத்தியவர்களில் பெரும்பாலோர் சட்டப் பட்டம் பெறாதவர்கள், குடும்பப் பெண்கள். மானபங்கத்துக்கு ஆளான பெண் கோர்ட்டிலே ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே தன்னந்தனியாக நின்று சாட்சி சொல்ல நேர்ந்தபோது, அவள் பக்கத்தில் சென்று உட்கார்ந்தார்கள். சட்டப் புத்தகம் படித்தவர்கள் செய்யத் தோன்றாத உதவி அது.

1876-ல் நியூயார்க்கிலிருந்த ஜெர்மானியர்கள் ஒரு சட்டப் பாதுகாப்புச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். கப்பலிலிருந்து இறங்கும் ஜெர்மானியக் குடியேறிகள், பாஷை தெரியாத காரணத்தால், வேலை கொடுப்பவரிடமும் விடுதிக்காரரிடமும் தரகரிடமும் ஏமாந்து நின்றார்கள். அவர்களுக்கு உதவுவதே சங்கத்தின் நோக்கம். விஸ்கான்ஸின் மாகாணத்தின் கவர்னராக இருந்த எட்வர்ட் ஸாலமன் முதல் தலைவரானார்.

1890-ல் ஆர்தர் வான் பிரீஸன் தலைமைப் பதவிக்கு வந்தார். சிறு பிராயத்தில் ஜெர்மனியிலிருந்து வந்து, உள்நாட்டு யுத்தத்தில் போர் வீரராக இருந்து, பிறகு பேடண்ட் வழக்குகளில் பெயர் பெற்ற வக்கீல் இவர். பணக்காரக் கட்சிக்காரர்களுக்குப் பஞ்சமில்லாத தொழில். ஆயினும், ஏழைகளின் சங்கத்துக்கு அவர் 26 வருஷ காலம் தலைவராக உழைத்தார். அவர் காலத்தில் சங்கம் ஜெர்மானியருக்கு மட்டும் என்ற வரம்பைத் தாண்டியது. எந்த ஜாதி, எந்த நாடு என்று கேளாமல், நியாயமான குறையுள்ள எந்த ஏழைக்கும் கதவு திறந்தது. 1896-ல் 'லீகல் எய்ட் ஸொஸைடி' என்று பெயரும் மாறியது. நன்கொடை கொடுப்பவர்களில் பலர் ஜெர்மானியர்களாக இருந்த காலத்தில் இப்படி ஒரு முடிவு செய்வது சிறிய காரியமல்ல. சம்பளத்துக்கு அமர்ந்த வக்கீல் தாமாகச் செய்யக் கூடிய முடிவும் அல்ல. சங்கம் யாருக்காக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நிர்வாகிகள். அவர்கள் துணிந்து சொன்னார்கள்.

வான் பிரீஸனுக்குப் பிறகு அந்தப் பதவியை ஏற்றவர் சார்ல்ஸ் எவன்ஸ் ஹ்யூஸ். 1916-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நின்று, வில்ஸனிடம் சொற்ப வித்தியாசத்தில் தோற்றவர். 1930-ல் சுப்ரீம் கோர்ட்டின் பிரதம நீதிபதியானவர். ஜனாதிபதி பீடம் தவறிய மனிதர் கூலி பாக்கி வழக்குகளைக் கவனிக்கும் சங்கத்தின் தலைவராக உட்கார்ந்தார் என்பது நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

பணம் வந்தது, கூடவே சங்கடமும் வந்தது

நெடுங் காலம் இந்தச் சங்கங்கள் நன்கொடையை நம்பியே ஜீவித்தன. 1964-ல் ஜனாதிபதி ஜான்ஸன் வறுமையின் மீது யுத்தம் தொடுப்பதாக அறிவித்தார். மறு வருஷமே மத்திய சர்க்காரின் பணம் சட்ட உதவிக்கு வரத் தொடங்கியது. அதோடு ஒரு புதிய தத்துவமும் வந்தது: ஏழைகளுக்காக நடக்கும் காரியத்தை நடத்துவதில் ஏழைகளுக்கும் பங்கு வேண்டும் என்பது.

சர்க்கார் பணத்தை வாங்கிக் கொண்டு சர்க்கார் மீதே வழக்குத் தொடுத்தால் என்ன ஆகும்? கலிபோர்னியாவில் அது நடந்தது. அங்கே கிராமப்புற ஏழைகளுக்கென்று 1966-ல் ஒரு சட்ட உதவி ஸ்தாபனம் தோன்றியது. அதன் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகோ வம்சத்தைச் சேர்ந்த பண்ணைத் தொழிலாளர்கள். ஏழைகளின் வைத்தியச் செலவுக்கான உதவியை மாகாண சர்க்கார் வெட்டியபோது, 1967-ல் அந்த ஸ்தாபனம் கோர்ட்டுக்குப் போய் ஜயித்தது. பெரும் பண்ணை முதலாளிகளையும் அது விட்டு வைக்கவில்லை. கவர்னர் ரொனால்ட் ரீகனுக்குக் கோபம் வராமல் இருக்குமா? 1970 டிஸம்பரில் அந்த ஸ்தாபனத்தின் மானியத்தைத் தம் அதிகாரத்தைக் கொண்டு ரத்துச் செய்தார். குற்றச்சாட்டுகள் நூற்றுக்கு மேல் அடுக்கப்பட்டன. அவற்றை விசாரிக்க வேறு மாகாணங்களைச் சேர்ந்த ஓய்வு பெற்ற மூன்று நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் 1971-ல், குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். மானியம் மறுபடியும் கிடைத்தது.

அன்று அந்த ஸ்தாபனம் பயந்து பணிந்திருந்தால் நஷ்டம் யாருக்கு? ஒரே ஓர் உதாரணம் போதும். கலிபோர்னியாவின் காய்கறித் தோட்டங்களில் களை வெட்டும் தொழிலாளர்களுக்குக் குட்டைப் பிடி போட்ட களைக்கொட்டைத்தான் கொடுத்து வந்தார்கள். அதைப் பிடித்து நாள் முழுதும் குனிந்தபடியே வேலை செய்ய வேண்டும். சில வருஷங்களில் முதுகெலும்பு பாழாகி விடும். மேற்படி ஸ்தாபனத்தின் வக்கீல்கள் போராடியதன் பயனாக 1975-ல் அந்தக் குட்டைப் பிடிக் கருவி தடை செய்யப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் நிமிர்ந்து நின்று வேலை செய்யலானார்கள். ஏழையின் சொல் அம்பலம் ஏறினால் அவன் முதுகும் நிமிரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மேஜையைச் சுற்றி யார்?

1974 ஜூலையில் ஜனாதிபதி நிக்ஸன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். இரண்டே வாரத்தில் அவர் பதவியை விட்டே போக நேர்ந்தது வேறு கதை! அந்தச் சட்டத்தின்படி, அரசியல்வாதிகளின் கை நேரடியாகப் படாதபடி, 'லீகல் ஸர்வீஸஸ் கார்ப்பொரேஷன்' என்ற தனி ஸ்தாபனம் ஏற்பட்டது. நாடெங்கிலும் சுமார் 130 உள்ளூர்ச் சங்கங்களுக்கு அதன் வழியாக மத்திய சர்க்காரின் பணம் போகிறது.

பணம் வாங்கும் ஒவ்வொரு சங்கத்துக்கும் நிர்வாக சபை எப்படி அமைய வேண்டும் என்று விதி இருக்கிறது. நூற்றுக்கு 60 பேராவது வக்கீல்களாக இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சங்கத்தின் உதவியைப் பெறத் தகுதியுள்ள ஏழைகளாகவே இருக்க வேண்டும். பதினைந்து பேர் கொண்ட சபை என்றால் ஒன்பது வக்கீல்கள், ஐந்து ஏழைகள்; மீதி ஒருவர் ஒரு கணக்கராகவோ, பாதிரியாராகவோ, உபாத்தியாயராகவோ இருக்கலாம். ஏழை அங்கத்தினர்களை வக்கீல்கள் தங்கள் இஷ்டப்படி பொறுக்கி எடுத்துக் கொள்ள முடியாது. அக்கம்பக்கத்து ஏழை மக்களின் சங்கங்கள் தேர்ந்து அனுப்ப வேண்டும். வருஷத்துக்கு நான்கு தடவையாவது சபை கூட வேண்டும். வக்கீல் அங்கத்தினர் இந்தச் சேவைக்காகச் சங்கத்திடம் ஊதியம் பெறக் கூடாது.

ஐந்து ஏழைகள் வந்து உட்கார்ந்து என்ன செய்து விடப் போகிறார்கள் என்று சிலர் நினைக்கலாம். கற்பனையாக ஒரு கூட்டத்தைப் பார்ப்போம். ஆபீஸ் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை திறந்திருக்கும் என்று காரியதரிசி வாசிக்கிறார். வக்கீல்கள் எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள். அப்போது மேஜையின் கோடியிலிருந்து ஓர் அம்மாள் கேட்கிறாள்: "அந்த நேரத்தில் நான் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய் விடுமே? என்னைப் போன்றவர்கள் எப்போது வருவது?" சட்டக் கல்லூரியில் இந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதைக் கேட்பதற்குத்தான் அந்த நாற்காலி போடப்பட்டிருக்கிறது. அவள் அங்கே இல்லாவிட்டால் சங்கம் அன்னதானச் சத்திரம் போலாகி விடும். போடுகிறவர் போட்டதைத்தான் வாங்குகிறவர் வாங்கிக் கொள்ள வேண்டும். அவள் இருப்பதனால் அது நியாய ஸ்தலமாகிறது.

செய்யலாகாத காரியம்

நிர்வாக சபையின் அதிகாரங்கள் பெரியவை. தலைமை அதிகாரியை நியமிப்பது, அவருடைய வேலையை எடை போடுவது, வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவது, கணக்குத் தணிக்கையைப் பார்வையிடுவது, எந்த விதமான வழக்குகளுக்கு முதலிடம் என்று தீர்மானிப்பது எல்லாம் அதைச் சேர்ந்தவை. ஆனால் இவற்றைவிட முக்கியமானது, அது செய்யக் கூடாதது. ஒரு வக்கீல் தம் கட்சிக்காரருக்காக நடத்தும் வழக்கில் சபையும் தலையிடக் கூடாது; எந்த அங்கத்தினரும் தலையிடக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

காகிதத்தில் எழுதுவது எளிது. ஊரிலே பெரிய வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். சங்கத்துக்கு நன்கொடையும் கொடுக்கிறார். அவர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. குடித்தனக்காரர் சங்கத்து வக்கீலிடம் வந்து விட்டார். சொந்தக்காரர் தம் சிநேகிதரான அங்கத்தினரைக் கிளப்பிலே சந்தித்து, "உங்கள் பிள்ளையாண்டானிடம் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்கிறார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்கிறாரே, அதுதான் அந்த அங்கத்தினரின் பெரிய சேவை. சிநேகிதம் கசந்தாலும், நன்கொடை நின்றாலும், அடுத்த நாள் காலை அந்த இளம் வக்கீல் ஒன்றும் அறியாதவராகக் கோர்ட்டுக்குப் போய் வாதாடுவார்.

அங்கத்தினரே அந்தச் சொந்தக்காரரின் வக்கீலாக இருந்தால்? அதற்கும் வக்கீல் தொழிலின் ஒழுக்க விதிகளில் வழி சொல்லியிருக்கிறார்கள். அவர் அங்கத்தினராக நீடிக்கலாம். ஆனால் தம் கட்சிக்காரருக்கும் சங்கத்துக்கும் நடுவே முரண்பாடு நேரக் கூடிய தீர்மானத்தில் அவர் பங்கு கொள்ளக் கூடாது. அந்த விஷயம் வரும்போது எழுந்து வெளியே போய் விட வேண்டியதுதான். எழுந்து போகத் தெரிந்தவர்கள்தான் அந்த மேஜையில் உட்காரத் தகுந்தவர்கள்.

யாரைத் திருப்பி அனுப்புவது?

கடைசியாக, சபையாரின் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். 2022-ல் கார்ப்பொரேஷன் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அமெரிக்க ஏழைகளின் முக்கியமான சிவில் பிரச்னைகளில் நூற்றுக்கு 92-க்குப் போதிய சட்ட உதவி கிடைப்பதில்லை, அல்லது உதவியே கிடைப்பதில்லை. மேற்படி சங்கங்களின் வாசலுக்கு வரும் கோரிக்கைகளில் ஏறக்குறைய பாதியைப் பணமும் ஆளும் இல்லாத காரணத்தால் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

வருகிறவர்கள் எல்லாரும் ஏழைகள். எல்லாருடைய குறையும் நியாயமானது. வீட்டை இழக்கப் போகிற கிழவர் முன்னா? அடிக்குப் பயந்து குழந்தையுடன் ஓடி வந்த தாய் முன்னா? கடன்காரன் சம்பளத்தை ஜப்தி செய்ய, பட்டினி கிடக்கும் தொழிலாளி முன்னா? ஒவ்வொருவரும் எதிரில் நிற்கும்போது, மனம் இளகி, முன்னால் வந்தவருக்கே கொடுத்துவிடத் தோன்றும். அதனால்தான் எந்த வகை வழக்குகளுக்கு முதலிடம் என்பதைச் சபையார் முன்கூட்டியே தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும் என்றும், அதை வருஷந்தோறும் மறுபடி ஆராய வேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். அந்தக் காகிதத்தில் ஒரு வரி சேர்ந்தால் சிலருக்கு வீடு நிலைக்கும். ஒரு வரி குறைந்தால் சிலர் வாசலோடு திரும்புவார்கள். திரும்புகிறவர்களின் முகத்தைப் பார்க்க நேராதவர்கள்தான் அந்த வரியை எழுதுகிறார்கள். ஆகவேதான், பார்த்தவர்களும் அந்த மேஜையில் இருக்க வேண்டும்.

பணம் குறையும்போது இந்தச் சங்கடம் பத்து மடங்காகிறது. ரீகன் ஜனாதிபதியான பிறகு, 1981-ல் 32 கோடி டாலருக்குச் சற்று அதிகமாயிருந்த கார்ப்பொரேஷனின் மானியம் 1982-ல் சுமார் 24 கோடியாகக் குறைந்தது. 1996-ல் பார்லிமெண்டார் வேறு விதமான கட்டுப்பாடு விதித்தார்கள்: இந்தப் பணம் வாங்கும் சங்கம் பலருக்காகச் சேர்த்து ஒரே வழக்காகத் தொடுக்கக் கூடாது என்றும், இன்னும் பலவாறாகவும் தடைகள் வந்தன. வேறு யாரோ கொடுத்த பணத்தைக் கொண்டும் அவற்றைச் செய்யக் கூடாது! பணத்தை வாங்கிக் கட்டுண்டு கிடப்பதா, உதறிவிட்டு ஏழ்மையில் சுதந்திரமாக இருப்பதா என்று ஊர் ஊராக நிர்வாக சபைகள் தவித்தன. பல இடங்களில் சங்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்று பணத்தைப் பெற்றுக் கொண்டு அன்றாட வழக்குகளைப் பார்ப்பது, மற்றது அந்தப் பணமில்லாமல் பெரிய வழக்குகளை நடத்துவது என்று முடிவு செய்தார்கள். 2001-ல் சுப்ரீம் கோர்ட், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அந்தத் தடைகளில் ஒன்றைச் செல்லாதென்று தள்ளியது. ஏழைகளுக்கான உதவிப் பணத்தைப் பற்றிய வழக்கில் ஆஜராகும் வக்கீல், அது சம்பந்தமான சட்டமே தவறானது என்று வாதிக்கக் கூடாதென வாய்ப் பூட்டுப் போட்டிருந்தார்கள். அந்தப் பூட்டு உடைந்தது. மற்றப் பூட்டுகள் பல அப்படியே இருந்தன.

இவ்வளவையும் சுமக்கிறவர்கள் யார்? பகலெல்லாம் தம் தம் தொழிலைப் பார்த்துவிட்டு வருகிற வக்கீல்கள். வேலைத் துணியை மாற்றாமலே பஸ் பிடித்து வருகிற ஏழை அங்கத்தினர்கள். கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். கை தூக்கி வாக்களிக்கிறார்கள். பிறகு நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். மறு நாள் கோர்ட்டில் யாருக்காவது வீடு நிலைத்தால், அந்த மனிதர் வக்கீலைக் கைகூப்பிக் கும்பிடுவார். சபையாரின் பெயர் கூட அவருக்குத் தெரிந்திராது.

திருவாரூர்க் கதையில் பசுவைப் பற்றிச் சொல்கிறோம். அரசனைப் பற்றிச் சொல்கிறோம். மணியைப் பற்றியும் சொல்கிறோம். மழையிலும் வெயிலிலும் அந்தக் கயிறு இற்றுப் போகாமல் அவ்வப்போது மாற்றிக் கட்டியவன் ஒருவன் இருந்திருப்பான் அல்லவா? அவன் பெயரை எந்தப் புராணமும் சொல்லவில்லை. ஆனால் பசு வந்து இழுத்த அன்று கயிறு அறுந்திருந்தால் கதையே இல்லை.